மூலம் தொலைந்த கத்தி

மிசிசிப்பி ஆற்றோரம், நாட்செஸ் நகருக்கு எதிரே இருந்த ஒரு மணல்திட்டில் 1827 செப்டம்பர் 19 அன்று இருவர் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் சாமுவேல் வெல்ஸ், மற்றவர் டாக்டர் தாமஸ் மேடக்ஸ். ஆளுக்கு இரண்டு முறை சுட்டும் குறி தவறியது. கைகுலுக்கினார்கள். மானப் பிரச்சினை தீர்ந்தது என்று கலையும் நேரத்தில்தான் துணைக்கு வந்தவர்களுக்குள் சண்டை மூண்டது. வெல்ஸ் பக்கம் வந்திருந்த ஜிம் போவி குண்டடிபட்டு விழுந்தார். மேடக்ஸ் பக்கம் வந்திருந்த மேஜர் நாரிஸ் ரைட், கைத்தடிக்குள் ஒளித்திருந்த வாளை உருவி அவர் மார்பில் குத்தினார். வாள் நெஞ்செலும்பில் முட்டி வளைந்தது. கீழே கிடந்த போவி ரைட்டைப் பிடித்து இழுத்து, இடுப்பிலிருந்த பெரிய கத்தியால் குத்திக் கொன்றார்.

செய்தித்தாள்கள் இந்தக் கதையை நாடெங்கும் கொண்டுபோயின. சில ஆண்டுகளுக்குள், போவி வைத்திருந்ததைப் போலவே தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆட்கள் கொல்லர் பட்டறைகளைத் தேடி வந்தார்கள். 1836 மார்ச் 6 அன்று டெக்சஸின் அலமோ கோட்டை வீழ்ந்தபோது நோய்ப்படுக்கையில் கிடந்த போவியும் கொல்லப்பட்டார். அதன் பிறகு அந்தப் பெயர் கத்தியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

அந்தக் கத்தி எப்படி இருந்தது என்பதுதான் இன்றுவரை தீராத வழக்கு. மணல்திட்டில் பயன்பட்ட கத்தி இதுதான் என்று ஐயமின்றி நிறுவப்பட்ட ஒன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. ஜிம்மின் அண்ணன் ரெசின் போவி 1838இல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். முதல் கத்தியைச் செய்தது தானே என்றும், லூசியானாவின் அவோயல்ஸ் பகுதியில் வேட்டைக்காகச் செய்தது என்றும் அதில் சொன்னார். அலகின் நீளம் ஒன்பதேகால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், ஒரு பக்கம் மட்டும் கூர், வளைவு கிடையாது. இந்த விவரத்தைப் படிப்பவர் மனதில் எழுவது கசாப்புக் கத்திக்கு நெருங்கிய ஒரு வடிவம். ரெசின் பின்னாளில் நண்பர்களுக்குப் பரிசளிக்கச் செய்வித்த கத்திகள் சில எஞ்சியிருக்கின்றன. பிலடெல்பியாவின் ஹென்றி ஷைவ்லி, பேட்டன் ரூஜின் டேனியல் சியர்ல்ஸ் ஆகியோரின் கைவேலை அவை. பிடிக்கும் அலகுக்கும் நடுவே கைக்காப்பு இல்லாத, முதுகு நேரான, அடக்கமான கத்திகள்.

இன்று போவி என்றதும் கண்முன் வருவது வேறு. ஒரு சாணுக்கு மேல் நீண்ட, அகன்ற அலகு, முதுகின் முன்பகுதி பிறை போல உள்வாங்கி முனையை நோக்கி இறங்கும், குறுக்கே பித்தளைக் கைக்காப்பு, மான்கொம்புப் பிடி. இந்த வடிவத்தை ஆர்கன்சாவின் வாஷிங்டன் என்ற சிற்றூரில் இருந்த கொல்லர் ஜேம்ஸ் பிளாக் 1830 வாக்கில் போவிக்குச் செய்துகொடுத்தார் என்ற கதை உண்டு. பிற்காலத்தில் பார்வை இழந்த பிளாக், முதுமையில், எஃகைக் கடினமாக்கும் தன் தோய்ச்சல் ரகசியத்தைச் சொல்ல முயன்றதாகவும் நினைவு கைவிட்டதாகவும், பின்னர் அம்மாநில ஆளுநரான டேனியல் வெப்ஸ்டர் ஜோன்ஸ் எழுதிவைத்தார். உருக்கமான கதைதான். ஆனால் சான்றாகக் கொள்ள அது போதாது. லிட்டில் ராக் நகரின் வரலாற்று ஆர்கன்சா அருங்காட்சியகத்தில் ‘போவி எண் 1’ என்று பெயரிட்ட ஒரு கத்தி இருக்கிறது. சவப்பெட்டி வடிவப் பிடி கொண்ட அதைப் பிளாக்கின் வேலை என்று கருதுகிறார்கள். அதிலும் கைக்காப்பு இல்லை.

பிறைமுனையும் கைக்காப்பும் சந்தையில் நிலைபெற்றதில் பெரும் பங்கு கடல் கடந்த ஓர் ஊருக்கு உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் கத்தித் தொழிலாளர்கள் 1830களிலிருந்து கப்பல் கப்பலாக போவிகளை அனுப்பினார்கள். ஜார்ஜ் வோஸ்டன்ஹோம், ஜோசப் ராட்ஜர்ஸ் போன்ற நிறுவனங்களின் முத்திரை அமெரிக்கத் தெற்கின் கடைவீதிகளில் பரிச்சயமானது. அலகின் மேல் அமிலத்தால் பொறித்த வாசகங்கள் வாங்குபவரின் மனதுக்கு ஏற்றபடி இருந்தன. அடிமை ஒழிப்பைச் சபிக்கும் வாசகம் பொறித்த கத்திகள்கூடத் தெற்குச் சந்தைக்குப் போயின. இந்தக் கத்தியின் அழகைப் பேசுகிற எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. போவி பிறந்த சமூகம் அடிமைகளை வைத்துப் பிழைத்த சமூகம். ஜிம் போவியே அடிமை வியாபாரம் செய்தவர்.

வன்முறையும் கட்டுக்கடங்காமல் போனது. 1837 டிசம்பரில் ஆர்கன்சா சட்டமன்றத்துக்குள்ளேயே அவைத்தலைவர் ஜான் வில்சன், உறுப்பினர் ஜே. ஜே. ஆன்டனியை போவியால் குத்திக் கொன்றார். அதே ஆண்டு அலபாமா, விற்கும் ஒவ்வொரு போவிக்கும் 100 டாலர் வரி விதித்தது. அடுத்த ஆண்டு டென்னசி விற்பனைக்கே தடை போட்டது. டெக்சஸில் போவியை வெளியில் எடுத்துச்செல்ல இருந்த தடை 2017இல்தான் விலகியது.

ஆக, ‘பாரம்பரிய போவி’ என்று ஒருவர் செய்ய உட்காரும்போது எதைப் பின்பற்றுகிறார்? மூலக் கத்தி கையில் இல்லை. ரெசினின் விவரம் ஒன்று சொல்கிறது, பிளாக்கின் பெயரில் உள்ள கத்தி இன்னொன்றைக் காட்டுகிறது, ஷெஃபீல்ட் மூன்றாவதை விற்றது. வடிவத்தை வைத்து இந்த வழக்கைத் தீர்க்கவே முடியாது. தொடர்ந்து கைமாறி வந்திருப்பது செய்முறை. அதுவும் நடுவில் ஏறக்குறைய அறுந்துபோய், இருபதாம் நூற்றாண்டில் சிலர் பிடிவாதத்தால் மீண்டது.

அந்தச் சிலரில் முதன்மையானவர் மேரிலாண்டைச் சேர்ந்த பில் மோரன். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. உலையில் காய்ச்சி அடித்துக் கத்தி செய்பவர்கள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்த காலத்தில் அந்த வேலையை விடாமல் செய்தவர். 1973இல் கத்தி வினைஞர்கள் கூடிய ஒரு கண்காட்சிக்கு, இரும்பையும் எஃகையும் அடுக்கி ஒட்டி அடித்த அலகுகளைக் கொண்டுவந்தார். நீரோட்டம் போலக் கோடுகள் ஓடும் அவற்றை ‘டமாஸ்கஸ்’ என்றார்கள். இந்தப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. பழைய டமாஸ்கஸ் வாள்களின் கோடுகள் அடுக்கி அடித்ததால் வந்தவை அல்ல. அவை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசைக்குள் உருக்கி எடுத்த எஃகின் உட்கட்டமைப்பிலிருந்து தாமாகவே எழுந்தவை. அந்த எஃகின் ரகசியத்தைத் தேடி 1819 முதல் சோதனை செய்தவர்களில் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். மோரன் காட்டியது வேறு முறை. ஆனால் அது மூட்டிய ஆர்வம் பெரியது. 1976இல் அவர் முன்னின்று அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினார். 1988இல் ஒரு பள்ளியும் திறந்தது. பள்ளிக்குத் தேர்ந்த இடம், ஜேம்ஸ் பிளாக் வாழ்ந்த அதே வாஷிங்டன் ஊர்.

உலைக்கு முன் நிற்பவருக்கு முதல் கேள்வி, எந்த எஃகு என்பது. 1084 என்ற எளிய கரிம எஃகையும் 5160 என்ற ஸ்பிரிங் எஃகையும் புதிதாகக் கற்பவருக்குப் பரிந்துரைக்கிறார்கள். முன்னதில் கரிமம் ஏறக்குறைய 0.84 சதவீதம். பின்னதில் 0.6ஐ ஒட்டிய கரிமத்தோடு சிறிது குரோமியமும் உண்டு. 5160 வாகன ஸ்பிரிங்குகளுக்கு உருவான எஃகு. லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் தேடிப் பிடித்து அரிவாள் அடிக்கும் தமிழகக் கொல்லருக்கு இந்தத் தேர்வின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை: அடி தாங்கும், வளைந்தால் நிமிரும்.

கால் அங்குலத் தடிப்புள்ள பட்டையை ஆரஞ்சு நிறம் தாண்டும்வரை காய்ச்சி, முதலில் முனையை அடித்து எடுக்கிறார்கள். இந்த இடத்தில் அனுபவமில்லாதவர் ஏமாறுவார். கூர் வரவேண்டிய பக்கத்தைச் சம்மட்டியால் மெல்லியதாக்கும்போது அந்தப் பக்கம் நீள்கிறது, முதுகுப் பக்கம் நீள்வதில்லை. விளைவு, அலகு வாழைப்பழம் போல முதுகை நோக்கி வளைந்துவிடும். ஆகவே தேர்ந்த கொல்லர் முன்கூட்டியே பட்டையை எதிர்ப்பக்கம் வளைத்துக்கொள்கிறார். கூர்ப்பக்கம் அடித்து முடியும்போது அந்த வளைவு தானாக நிமிர்ந்து, முதுகு நேராக வந்து நிற்கும். பிடியிலிருந்து முனைவரை தடிப்பும் சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். பத்து அங்குல அலகு கையில் கனக்காமல் இருப்பது இந்த இறக்கத்தால்தான். காட்சிப் பெட்டியில் மினுங்கும் எத்தனையோ போவிகள் கையில் எடுத்ததும் கடப்பாரை போல முன்பக்கம் சாய்வதற்கு இந்த இறக்கம் இல்லாததே காரணம்.

காய்ச்சி அடிப்பதால் எஃகு இறுகி உறுதியாகிறது என்றொரு நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. கூர்முனையைக் குறைந்த சூட்டில் தட்டித் தட்டி ‘இறுக்குவது’ ஒரு தனிக் கலையாகவே போற்றப்பட்டது. உலோகவியல் இதை ஏற்கவில்லை. தோய்ச்சலுக்காக மீண்டும் காய்ச்சும்போது எஃகின் படிக மணிகள் புதிதாக உருவாகின்றன. முன்பு தட்டியதன் தடம் அழிந்துவிடுகிறது. நல்ல எஃகுப் பட்டையை அறுத்து, தேய்த்தே கத்தி செய்தவர்களும் சளைத்தவர்கள் அல்ல. ராபர்ட் லவ்லெஸ் அந்த வழியில்தான் உலகப் புகழ் பெற்றார். அப்படியானால் அடிப்பது எதற்கு? அரை அங்குலப் பட்டையையும் உருண்டைக் கம்பியையும் நினைத்த வடிவத்துக்குக் கொண்டுவரும் சுதந்திரத்துக்கு. வீணாகும் எஃகைக் குறைப்பதற்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, சூட்டைக் கண்ணால் படிக்கும் பயிற்சிக்கு. உலையில் நூறு முறை நிறத்தைப் பார்த்த கண்ணுக்கு, தோய்ச்சலின்போது வரும் அந்த ஒரு நொடி பிடிபடும்.

கத்தியின் உயிர் அந்த நொடியில் இருக்கிறது. அடித்து முடித்த அலகை இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் சற்றுக் குறைந்த சூட்டுக்குக் காய்ச்சி, காற்றில் ஆறவிடுகிறார்கள். அடியில் ஏறிய முறுக்கு தளர்ந்து மணிகள் நுண்மையாகும். பிறகு கூர்ப்பக்கத்தை ஒரு நாணயத் தடிப்புக்குத் தேய்த்து நிறுத்துகிறார்கள். இதைவிட மெலிந்தால் தோய்ச்சலில் நெளியும், சில சமயம் வெடிக்கும். 1084ஐ ஏறக்குறைய 815 டிகிரி செல்சியஸுக்கும் 5160ஐ 830ஐ ஒட்டியும் காய்ச்ச வேண்டும். 770 டிகிரியில் எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும். பழைய கொல்லரின் காந்தச் சோதனை அதை மட்டுமே சொல்லும். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் போக வேண்டும். பட்டறையை இருட்டாக வைத்துக்கொண்டால், ஒளிரும் அலகின் மேல் ஒரு நிழல் திரண்டு மெல்ல நகர்ந்து மறைவது தெரியும். எஃகின் உட்கட்டமைப்பு மாறும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் எழும் நிழல் அது. அது முழுக்க மறைந்து, நிறம் முனையிலிருந்து பிடிவரை ஒரே சீராக வந்ததும், இளஞ்சூடான எண்ணெயில் அலகை இறக்கிவிட வேண்டும். தயங்கினால் எஃகு வேறு வழியில் ஆறி மென்மையாகிவிடும்.

எண்ணெயிலிருந்து எடுத்த அலகு கண்ணாடிக்குச் சமம். கல்தரையில் கைதவறினால் இரண்டாகலாம். அரத்தை வைத்து இழுத்தால் பிடிக்காமல் வழுக்கும். தோய்ச்சல் ஏறியதற்கு அது அறிகுறி. உடனே 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். சமையலறை ஓவனே இதற்குப் போதும். மெருகிட்ட இடத்தில் வைக்கோல் நிறம் படியும். போவிக்கு இன்னும் ஒரு படி உண்டு. கூர்ப்பக்கத்தை நீரில் நிறுத்தி, முதுகை மட்டும் தீநாக்கால் நீலநிறம் வரும்வரை சூடாக்குவார்கள். கூர் கடினமாகவே இருக்க, முதுகு இளகிக்கொடுக்கும்.

கத்திக் கொல்லர் சங்கத்தின் முதல்நிலைத் தேர்வு இந்தப் படிகள் அத்தனையையும் ஒரே கத்தியில் சோதிக்கிறது. தொங்கவிட்ட ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நான்கு அங்குல அளவுள்ள மரச் சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே கூர் கையிலுள்ள மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் அலகை வைஸில் பிடித்து 90 டிகிரி வளைப்பார்கள். உடையக் கூடாது. அந்தக் கத்தி அத்தோடு முடிந்தது. மாதக்கணக்கான உழைப்பு வளைந்த இரும்பாகக் கிடக்கும். நடைமுறையில் எவரும் கத்தியை இப்படி வளைப்பதில்லை, இந்தச் சோதனை மென்மையான முதுகுக்குச் சாதகமானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் சோதனை அளப்பது கத்தியை அல்ல. ஒரே எஃகுத் துண்டில் ஓரிடத்தில் கடினத்தையும் ஓரிடத்தில் இளக்கத்தையும் விரும்பியபடி வைக்கத் தெரிந்த கையை அளக்கிறது. பாரம்பரியம் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்குமானால் அது இந்தக் கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது.

பிடிவேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கைக்காப்பின் துளையை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியாத அளவுக்கு பிடிக்குள் போகும் அலகின் வாலில் இறுக்கிப் பொருத்த வேண்டும். கத்தி வாங்குபவர் முதலில் கூர்ந்து பார்க்கும் இடமும் அதுதான். பிடிக்கு வால்நட் மரம், மேப்பிள் மரம், கொம்பு எல்லாம் உண்டு. இவற்றில் மிகவும் விரும்பப்பட்டது இந்தியக் கடமானின் கொம்பு. உள்ளே பஞ்சு போன்ற பகுதி குறைவு, வெளியே ஆழமான வரிகள்; வியர்த்த கையிலும் வழுக்காது. ஷெஃபீல்ட் காலம் முதல் அந்தக் கொம்பு கப்பலேறியது. 1990களின் பிற்பகுதியில் இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்தியதும் அதன் விலை எங்கோ போய்விட்டது. இன்று பழைய இருப்பை வைத்திருப்பவர்கள் அதைத் துண்டு துண்டாக எண்ணி விற்கிறார்கள். வனவிலங்குக்கு அது நல்லதுதான். வேறு மான்களின் கொம்பும் பதப்படுத்திய மரமும் அந்த இடத்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டன.

உறையைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. கத்திப் புத்தகங்களில் அது கடைசி அத்தியாயம். இங்கும் ‘பாரம்பரியம்’ நினைப்பதற்கு மாறாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஷெஃபீல்ட் போவிகள் பெரும்பாலும் அழுத்திய அட்டைமேல் மெல்லிய தோல் போர்த்திய உறைகளில் வந்தன. சிவப்பும் நீலமும் தோய்த்த தோல், பொன்னிறப் பூவேலை, வாயிலும் நுனியிலும் வெள்ளி நிற உலோகப் பூண். பார்க்க அழகு, ஈரம் பட்டால் அட்டை ஊறி உதிர்ந்துவிடும். அதனால்தான் பழைய கத்திகள் பல இன்று உறையில்லாமல் கிடைக்கின்றன. தடித்த தோலை மடித்துத் தைத்த, இடுப்புவாரில் கோத்துக்கொள்ளும் உறையை நவீனக் கத்திக்குரிய வடிவமாக நிலைநிறுத்தியது அடுத்த நூற்றாண்டு. புளோரிடாவில் 1930களின் இறுதியில் கத்தி செய்யத் தொடங்கிய போ ராண்டல், தன் கத்திகளுக்கு டென்வர் நகரத்துச் சேணத் தயாரிப்பாளரான ஹெய்ஸர் நிறுவனத்திடம் உறை செய்வித்தார். குதிரைச் சேணத்தின் தையலும் தடிப்பும் இப்படியும் கத்தி உறைக்குள் வந்தன.

தோல் தேர்வில் சமரசம் கிடையாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே வேண்டும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட தமிழகத் தொழில்மரபை அறிந்தவர்களுக்கு இந்த வகை புதிதல்ல. நனைத்தால் களிமண் போல இளகி, காய்ந்தால் அந்த வடிவத்திலேயே விறைக்கும் குணம் அதற்கு உண்டு. குரோமியத்தில் பதனிட்ட தோலுக்கு அந்தக் குணம் இல்லை. அதில் தங்கும் உப்புகள் எஃகையும் அரிக்கும். மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிப்பு பத்து அங்குல அலகுக்குப் பொருந்தும்.

முடிந்த கத்தியைக் காகிதத்தில் கிடத்திச் சுற்றி வரைவதிலிருந்து வேலை தொடங்குகிறது. போவிக்கு உறை செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அலகு நுனியில் மேல்நோக்கி உயர்கிறது, உள்ளே போகும்போது கூர்ப்பக்கம் தையலை உரசியபடியே போகும். ஆகவே இரு தோல்களுக்கும் நடுவே, கூர் வரும் பக்கம் நெடுக, ஒரு தோல் கீற்றை வைத்து ஒட்டுகிறார்கள். காலணித் தொழிலில் வெல்ட் என்பார்களே, அதுதான். கூர் வெட்டினாலும் கீற்றைத்தான் வெட்டும், நூலை வெட்டாது. இந்தக் கீற்றைச் சேர்க்காத உறையிலிருந்து கத்தி ஒருநாள் தையலை அறுத்துக்கொண்டு தொடைப்பக்கம் வெளிவரும். இது அலங்காரம் பற்றிய பேச்சல்ல, ஆள் காயப்படாமல் இருப்பது பற்றியது.

தையல் சேணத் தையல். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளையும் எதிரெதிராக நுழைத்து இழுக்க வேண்டும். நூல் தேன்மெழுகு பூசிய லினன் இழை. அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் துளைக்குள் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். சேணத் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் அதே துளை வழியே ஓடும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். முன்பே தோலில் வரிப்பள்ளம் இழுத்து, தையல் அதற்குள் அமிழும்படி செய்தால் உரசலும் படாது.

தைத்தபின் உறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, எண்ணெய் பூசி மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றிய கத்தியை உள்ளே செருகுகிறார்கள். கைக்காப்பைச் சுற்றியும் ரிகாஸோ என்னும் கூரில்லாத சதுரப் பகுதியைச் சுற்றியும் எலும்புத் துண்டால் அழுத்தி அழுத்தித் தோலைப் படியவைக்கிறார்கள். பிறகு கத்தியை வெளியே எடுத்துவிட்டு, நிழலில் ஒருநாள் முழுக்கக் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். காய்ந்ததும் ஓரங்களை நீர் தொட்டு மரக்கட்டையால் தேய்க்கத் தேய்க்க, மூன்று அடுக்கும் ஒரே பலகை போல இறுகிப் பளபளக்கும். ஒரு நல்ல உறையை அடையாளம் காண ஓரத்தைப் பார்த்தால் போதும்.

ஒரே கை கத்தியையும் உறையையும் செய்யும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு ஒற்றுமை அமைகிறது. பித்தளையின் நிறத்துக்கு ஏற்ற பழுப்பு, கொம்பின் வரிகளுக்கு இசைவான தோல்வேலை. இவை கண்ணுக்கானவை. கையை நெருங்கும் ஒற்றுமை வேறு: உறையைத் தலைகீழாகப் பிடித்தாலும் கத்தி விழக் கூடாது, கட்டைவிரலால் கைக்காப்பை ஒரு தள்ளு தள்ளினால் தடையின்றி வர வேண்டும். இந்த இறுக்கத்தை வேறு கத்தியின் அளவை வைத்து வரவழைக்க முடியாது.

வாங்கிச் செல்பவரிடம் செய்தவர்கள் மறக்காமல் சொல்லி அனுப்பும் எச்சரிக்கை ஒன்று உண்டு. இடுப்பில் இருக்கும்வரை கத்தி உறையில் இருக்கட்டும். வீட்டில் வைக்கும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். பட்டைச் சாற்றின் அமிலமும் தோல் இழுக்கும் ஈரமும் சேர்ந்து மழைக்காலம் ஒன்று முடிவதற்குள் கரிம எஃகில் கறுப்புப் புள்ளிகளை விழவைக்கும். பித்தளையில் பச்சை படியும். அலகில் மெல்ல எண்ணெய் தடவித் துணியில் சுற்றி ஒரு தட்டில், உறையை அடுத்த தட்டில் என்று வைப்பதே வழக்கம்.